நாற்பத்தேழாவது மணி

அலர்மேல்மங்கை கேட்டது ஒரு குழாய். அவளுக்குக் கிடைத்தது மூன்று நாள் பயிற்சி.

சித்தூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெயர் நமக்கு வேண்டாம். அதில் மூன்றாவது வார்டு, ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பெண்கள் படுக்கிற இடம். பதினெட்டுக் கட்டில், ஒரு கை கழுவும் தொட்டி. தொட்டி நல்ல தொட்டிதான். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில்கூட உடையவில்லை. குழாய் மட்டும் இல்லை. குழாய் இருக்க வேண்டிய துளையில் துணி சுற்றிய மரத்துண்டு ஒன்றை யாரோ அடித்து இறக்கியிருந்தார்கள். கை கழுவ வேண்டுமானால் வராந்தாக் கோடிவரை போக வேண்டும், அறுபத்திரண்டு எட்டு. ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் கை கழுவு என்று தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த படம் சொன்னது. அந்தப் படத்துக்கு மரியாதை கொடுத்தால் ஒரு ஷிப்டில் நகரியிலிருந்து புத்தூர்வரை நடக்கிற தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று மங்கை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் நகரிக்காரி, அந்தத் தூரம் அவளுக்குத் தெரியும்.

சொந்தக் காசில் ஒரு குழாய் வாங்கி மாட்டித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டினாள். பஜாரில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டினாள், ஒன்பது நாள் தண்ணீர் வந்தது. பத்தாம் நாள் தணிக்கைக்கு வந்தவர்கள், சொத்துப் பதிவேட்டில் இல்லாத பொருள் ஒன்று ஆஸ்பத்திரிச் சுவரில் முளைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, ஸ்டோர் ரூமில் பூட்டினார்கள். மரத்துண்டு பதிவேட்டில் இருந்தது. எனவே அது தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

அதன்பின் மங்கை கடிதம் எழுத ஆரம்பித்தாள். பதினொரு கடிதம் எழுதினாள். பதினொன்றும் எங்கே போயினவோ, அந்தத் திருமலை வாசனுக்குத்தான் தெரியும். பன்னிரண்டாவது கடிதத்தில்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள். காரணம் எழுதினாள். ‘வார்டில் குழாய் இல்லாததால் இந்த மாதம் நான்கு பெண்களுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்துவிட்டது’ என்று எழுதிவிட்டாள்.

மற்ற பதினொன்றும் படுத்த இடத்தில் கிடக்க, இந்தக் கடிதம் மட்டும் எழுந்து ஓடியது. மறுநாளே சூப்பரிண்டெண்டெண்ட் ஸ்ரீஹரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. ரிடையர் ஆக எட்டு மாதம் இருக்கிற மனிதர், அவ்வளவுதான்.

“ஏன் சிஸ்டர், ஜில்லாவுல எத்தனை வார்டு இருக்கு தெரியுமா? ஒரு வார்டுலயாவது ஆஸ்பத்திரித் தொற்றுன்னு ஒண்ணு ரிப்போர்ட் ஆயிருக்கா? உங்க வார்டுல மட்டும் நாலு! நாலும் நீங்க எழுதினப்புறம்தான் வந்திருக்கு.”

“எழுதறதுக்கு முன்னாடியே வந்துச்சு சாரு. வந்ததாலதான் எழுதினேன்.”

“அப்போ எழுதாத வார்டுல ஏன் வரல?”

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியை மங்கை சந்தித்ததில்லை. அன்று மாலையே, தொற்றைப் பரப்பிய நர்ஸைப் பயிற்சிக்கு அனுப்பும்படி உத்தரவு வந்துவிட்டது.

பயிற்சி திருப்பதியில். மாநில மருத்துவமனைத் தொற்று ஒழிப்புப் பேரவை என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே ஏசி. வந்திருந்த நாற்பது நர்ஸுகளும் மங்கையைப் போலவே எங்கேயோ எதையோ எழுதிவிட்டு வந்தவர்கள். மேடையில் குத்துவிளக்கு, அதற்குப் பக்கத்தில் மாதிரிக் கை கழுவும் தொட்டி ஒன்று. மங்கையின் கண் அதை விட்டு நகரவில்லை. கையை நீட்டினாலே தண்ணீர் கொட்டுகிற, திருகத் தேவையில்லாத, பளபளவென்ற குழாய். பெண் பார்க்க வந்தவள் மாதிரி அதை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம்தான் கவனித்தாள், அதற்குக் கீழே பைப் இல்லை. மாதிரி என்பதால் தண்ணீர் இணைப்பு தரவில்லை என்று ஊழியர் ஒருவர் விளக்கினார்.

ஆகவே நாற்பது பேரும் முதல் இரண்டு நாள் காற்றில் கை கழுவினார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று ஆறு படி, பின்னால் ஒரு தெலுங்குப் பாட்டு. மதிப்பெண் போட ஒருவர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா? மங்கை கடைசியில் கையை உதறினாள். ‘இல்லாத தண்ணீரை உதறியதற்காக’ இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.

மூன்றாம் நாள் பேரவையின் இயக்குநர் டாக்டர் ஜெயபிரகாஷ் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. வரிசையாக நாற்பது பேருக்கும் கை குலுக்கிவிட்டு, கை குலுக்குவதால் பரவும் கிருமிகளைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பேசியது தெலுங்கில், நம் வசதிக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

“சகோதரிகளே, ஆஸ்பத்திரித் தொற்று என்றால் என்ன? அட்மிஷன் ஆகி நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து வருவது ஆஸ்பத்திரித் தொற்று. நாற்பத்தெட்டுக்கு முன்னால் வந்தால்? அது வீட்டிலிருந்து வந்தது. அதற்கு நாம் பொறுப்பல்ல. உலகமே ஒப்புக்கொண்ட விதி இது. இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு தொற்றை ஒழியுங்கள். எப்படி ஒழிப்பீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் சொல்வீர்கள். சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.”

மங்கைக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு நாள் காற்றில் கை கழுவிய எரிச்சல். எழுந்து நின்று, கிண்டலாகத்தான், சுத்தமான கிண்டலாகத்தான் கேட்டாள்.

“அப்படின்னா சார், நாப்பத்தேழாவது மணியில பேஷண்ட்டைக் கேட்டுக்கு வெளிய கூட்டிக்கினு போய் டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, உடனே உள்ள கூட்டிக்கினு வந்து புதுசா அட்மிஷன் போட்டுட்டா தொற்றே வராதே?”

ஹாலில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஈ நிஜமாகவே பறந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மங்கையின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தொலைந்தோம், வேலை போனது என்று மங்கை உட்கார்ந்தாள்.

வேலை போகவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. பத்தாம் நாள் மாநிலம் முழுவதற்கும் சுற்றறிக்கை வந்தது. திட்டத்தின் பெயர் ‘புனர்ப் பிரவேசம்’. அடைப்புக்குறிக்குள் ‘அலர்மேல்மங்கை மாதிரி’.

ஸ்ரீஹரி முதலில் அதைக் காகிதத்தோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் நோயாளி வெளியே போவதும் உள்ளே வருவதும் வாசல் கேமராவில் பதிவாக வேண்டும் என்று சுற்றறிக்கையின் ஏழாவது பத்தி சொன்னது. ஆகவே அட்டெண்டர் பச்சையப்பனிடம் இரண்டு சக்கர நாற்காலி, ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு விசில் ஒப்படைக்கப்பட்டன. நாற்பத்தேழு மணி முடிந்த பெண்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டிரிப்ஸ் பாட்டிலை உறவுக்காரர் உயர்த்திப் பிடிக்க, பிள்ளையோடு வரிசையாகக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். எதிரே டீக்கடை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மாங்காய் சீசன் வேறு. பங்காருபாளையத்திலிருந்து வருகிற லாரிகள் ஒவ்வொன்றும் ஒரு படி புழுதியை அவர்கள்மேல் போட்டுவிட்டுப் போயின.

“நகருங்க, நகருங்க! டிஸ்சார்ஜு வந்துகினு கீது!” என்று பச்சையப்பன் விசிலடித்தான். சுவாமி புறப்பாடு என்று நினைத்து ரோட்டில் போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

பிள்ளைகளால் ஒரு சிக்கல் வந்தது. படிவத்தில் ‘எந்த வீட்டிலிருந்து வந்தார்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே பிறந்த பிள்ளைக்கு ஏது வீடு? விளக்கம் கேட்டுத் திருப்பதிக்கு எழுதினார்கள். ‘தாயின் வயிறு என்று நிரப்பவும், கதவு எண் தேவையில்லை’ என்று பதில் வந்தது.

ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரித் தொற்று பூஜ்யம். அதோடு, குணமாகி வீடு திரும்பியவர்களின் எண்ணிக்கை மூன்று மடங்கு. ஒரே ஆள் மூன்று தடவை குணமானால் கணக்கு அப்படித்தான் வரும்.

அந்த மாதத்தில்தான் தரணி வந்தாள். இருபத்திரண்டு வயது, முதல் பிரசவம், பெண் குழந்தை. புருஷன் சுரேஷ்பாபு நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். ஊர்க்காரி என்பதால் மங்கையிடம் ஒட்டிக்கொண்டாள். முதல் தடவை நாற்காலியில் ஏற்றியபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“வூட்டுக்கா அக்கா?”

“இல்லம்மா. கேட்டு வரைக்கும்.”

“கேட்டு வரைக்கும் போய் இன்னா செய்யறது?”

“திரும்பி வரது.”

தரணி சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் திட்டத்தில் தன் பெயர் இருப்பதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

ஐந்தாம் நாள் தரணிக்குக் காய்ச்சல் அடித்தது. அதற்குள் இரண்டு தடவை டீக்கடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மங்கை வராந்தாக் கோடிக்குப் போய்க் கை கழுவி, ஈரக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கட்டைப் பிரித்தாள். தையலின் ஓரம் சிவந்து வீங்கி, ஒரு மூலையில் மஞ்சளாகக் கசிந்தது. இந்தப் பெண்ணைப் புழுதியில் உட்கார வைத்தது என் வாய்தான் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது சரியும்கூட. டாக்டர் வந்து பார்த்து, சுத்தமாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்ப்போம், ஆறாவிட்டால் மறுபடி பிரித்துத்தான் தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை. மரத்துண்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மங்கை பதிவேட்டில் ‘ஆஸ்பத்திரித் தொற்று’ என்று எழுதினாள். ஸ்ரீஹரி அதை அடித்தார்.

“அட்மிஷன் எப்போ?”

“ஞாயித்துக்கிழமை சாரு. இன்னியோட அஞ்சு நாள்.”

“பேப்பரைப் பாருங்க. நேத்து காலைல பதினொரு மணி. இருபத்தாறு மணி நேரம்தான் ஆகுது. அப்போ தொற்று வீட்டுலேருந்து வந்திருக்கு. வீட்டு விலாசம் குடுங்க.”

விலாசம் திருப்பதிக்குப் போய், அங்கிருந்து நகரிக்குப் போனது. மறுநாளே ஒரு குழு சுரேஷ்பாபுவின் வீட்டுக்கு வந்து வாசல், அடுப்படி, தறிக்கூடம் என்று பாக்கி இல்லாமல் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவிற்று. கதவில் ‘தொற்றின் பிறப்பிடம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிற்று. தறியில் ஓடிக்கொண்டிருந்தது அரக்குச் சிவப்புப் பாவு நூல். அதில் பவுடர் விழுந்த இடமெல்லாம் தேமல் மாதிரி வெளுத்துப்போனது.

சுரேஷ்பாபு நெய்தவரை அந்தத் துணியை அறுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் சித்தூர் வந்தான். நேராக ஸ்ரீஹரியின் மேஜையில் விரித்தான். மங்கையும் அங்கே நின்றாள்.

“இன்னா சார் இது? ரெண்டு பாவு போச்சு. எங்க வூட்லேர்ந்து சீக்கு வந்துச்சாம். அவ வூட்ட வுட்டு வந்து ஆறு நாள் ஆவுது சார்! இங்கதான் படுத்துகினு கீறா!”

ஸ்ரீஹரி துணியைத் தடவிப் பார்த்தார். “அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். ஆறு நாளா வராத ஆளுக்கே உங்க வீட்டுலேருந்து தொற்று வந்திருக்குன்னா, அது எவ்வளவு வீரியமான தொற்று பாருங்க. நல்லவேளை, சுத்தம் பண்ணிட்டாங்க.”

சுரேஷ்பாபு மங்கையைப் பார்த்தான். “அக்கா, நீயாவது சொல்லேன்.”

மங்கை என்ன சொல்வாள்? அன்று காலைதான் அவளுக்குத் தந்தி மாதிரி ஒரு செய்தி வந்திருந்தது. சிறந்த தொற்றில்லா வார்டுக்கான விருது அவளுக்கு. திருப்பதியில் விழா, வராவிட்டால் நடவடிக்கை.

கிளம்புவதற்கு முன்னால் பச்சையப்பனைப் பிடித்தாள். “அண்ணா, நான் திரும்பி வர வரைக்கும் தரணிய கேட்டுக்குக் கொண்டு போவாதே.”

“நாப்பத்தேழு ஆயிட்டா சிஸ்டரம்மா?”

“கடியாரத்தப் பாக்காதே.”

விழாவில் அதே குத்துவிளக்கு, அதே மாதிரித் தொட்டி. டாக்டர் ஜெயபிரகாஷ் உருகினார். “மற்ற மாநிலங்கள் இன்னும் சோப்பு, தண்ணீர் என்று பழைய காலத்து வழிகளில் லட்சக்கணக்கில் கொட்டுகின்றன. இந்தச் சகோதரி ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல் தொற்றைப் பூஜ்யம் ஆக்கியிருக்கிறார். கிருமி எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். கிருமி பதிவேட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது நாம்தான்!” கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை மங்கையிடம் நீட்டினார். “ஏதாவது கேளுங்கள், சகோதரி.”

“வார்டுக்கு ஒரு குழாய் வேணும் சார். கை கழுவ.”

இயக்குநர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “தொற்றே இல்லாத வார்டுக்குக் குழாய் எதற்கு? குழாய் வேண்டுமானால் முதலில் தொற்று வேண்டும். தொற்று இருந்தால் இந்த விருது இல்லை. இரண்டையும் ஒரே கையில் வாங்க முடியுமா? இருந்தாலும்...” அவர் மேஜையிலிருந்த கேடயத்தை எடுத்து உயர்த்தினார். தேக்குப் பலகையில் நட்டுவைத்த பளபளக்கிற குழாய். “கேட்டது குழாய், கொடுத்தோம் குழாய்!”

சபை வயிறு குலுங்கச் சிரித்தது. மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கும்பலுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

சித்தூர் பஸ்ஸில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்திரகிரி தாண்டியதும் சும்மா அந்தக் குழாயைத் திருகினாள். திருகியது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வாஷர் இருந்தது. பலகைக்கும் குழாய்க்கும் நடுவே மரை தெரிந்தது. கேடயம் செய்தவனுக்குக் குழாய் மாதிரி ஒன்றைச் செய்வதைவிடக் கடையில் ஒரு குழாயை வாங்கி நட்டுவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது. நல்ல கனமான பித்தளை, அரை அங்குலம். அவள் கேட்டதும் அரை அங்குலம்தான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக வார்டுக்குப் போனாள். பச்சையப்பன் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டு, ஸ்பேனரும் வெள்ளை டேப்பும் கொண்டு வந்தான். பலகையிலிருந்து குழாயைக் கழற்றுவதற்கு ஐந்து நிமிஷம், சுவரில் மாட்டுவதற்குப் பத்து நிமிஷம். மரத்துண்டுதான் வர மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது. வால்வைத் திறந்ததும் குழாய் இருமியது, துப்பியது, துரு கலந்த தண்ணீரைக் கக்கியது. அப்புறம் தெளிந்து ஓடியது. பதினெட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தன. மங்கை ஆறு படியும் விடாமல் கை கழுவினாள், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று. கடைசியில் நன்றாக உதறினாள்.

அன்றிலிருந்து தரணிக்குத் தினம் இரண்டு வேளை கழுவிய கையால் கட்டு மாற்றினாள். அதே நாளில் பச்சையப்பனின் விசில் தொலைந்துபோனது. யாரும் தேடவில்லை. மூன்றாவது வார்டிலிருந்து எவரும் அதன்பின் டீக்கடைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் தரணியின் தையல் மூடிக்கொண்டது. பிரித்துத் தைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது சுரேஷ்பாபு அந்தக் கெட்டுப்போன துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கேட்டைத் தாண்டி ஆட்டோ ஏறியபோது தரணி கத்தினாள். “அக்கா, இந்த வாட்டி திரும்பி வர மாட்டேன்!”

இதெல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? கேமராவைப் பார்த்தார்கள், காலிப் பலகையைப் பார்த்தார்கள், மங்கைக்கு மெமோ வந்தது. ‘ஒன்று, காட்சிக்கு வைக்க வேண்டிய அரசு விருதைத் தண்ணீரில் நனைத்தது ஏன்? இரண்டு, புனர்ப் பிரவேசத்தை நிறுத்தியது ஏன்? இந்த மெமோ கிடைத்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் குழாய் கழற்றப்படும்; தாங்கள் சஸ்பெண்ட் செய்யப்படுவீர்கள்.’

மங்கை அதை இரண்டு தடவை படித்தாள். வார்டின் தபால் நோட்டில் வந்த நேரத்தைக் குறித்தாள். கை கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

நாற்பத்தொன்பதாவது மணியில் ஸ்ரீஹரி தானே வந்து நின்றார். “பதில் எங்க சிஸ்டர்? டைம் முடிஞ்சுபோச்சு.”

“எங்க சாரு முடிஞ்சுது? மெமோ வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆவுது.” தபால் நோட்டை விரித்துக் காட்டினாள்.

“முந்தாநாளே குடுத்தேனே!”

“அது நாப்பத்தேழாவது மணியில டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு. பச்சையப்பண்ணா கேட்டுக்கு வெளிய கொண்டு போனாரு. கேமராவுல இருக்குது, பாருங்க. இது புதுசா வந்திருக்குது.”

“என்ன சிஸ்டர், விளையாடறீங்களா? கேட்டைத் தாண்டிப் போயிட்டு வந்துட்டா புதுசாயிடுமா? உள்ள இருந்த அதே...”

அங்கே நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு ஒரு சொல் சொன்னால், ஆஸ்பத்திரியின் பூஜ்யம் போகும், விருது போகும், மாநிலமே ஆடும். ரிடையர் ஆக இன்னும் ஆறு மாதம் இருந்தது. தபால் நோட்டை மெதுவாக மூடி மேஜையில் வைத்துவிட்டு, வந்த வழியே போனார்.

மெமோ இப்போதும் மூன்றாவது வார்டில்தான் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் பச்சையப்பன் அதைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே அந்த மரத்துண்டை வைத்து, டீக்கடைவரை தள்ளிக்கொண்டு போகிறான். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். மங்கை நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறாள். வெளியிலிருந்து வந்த காகிதம், எங்கெங்கே பட்டதோ என்று, உடனே போய்க் கை கழுவிக்கொள்கிறாள்.